மூன்றாம் பாகத்தில் தொடங்கியவன்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு நான் போனது மிக்சி ஜாருக்கு ஒரு மூடி தேடி. எங்கள் வீட்டு மிக்சி பழைய மாடல், கடைகளில் மூடி மட்டும் தனியாகக் கிடைக்காது. ஆபீசுக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போயிருந்தேன். துருப்பிடித்த ஸ்பேனர்களும் கண்ணாடி போன மூக்குக்கண்ணாடிச் சட்டங்களும் விரித்திருந்த வரிசையில், ஒரு நீலத் தார்ப்பாயின் மேல் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. எல்லாம் கிறிஸ்தவப் புத்தகங்கள். முதல் பக்கங்களில் ஒரே ஆளின் கையெழுத்து, பெயருக்கு முன்னால் 'அருட்திரு' என்று. யாரோ ஓர் ஆயர் இறந்துபோய், பிள்ளைகள் வீட்டைக் காலி செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது.

அதில் தடிமனான ஒன்றை எடுத்துப் பார்த்தேன். பழைய தமிழ் அச்சு. ஒரு பெரிய இறையியல் நூலின் மூன்றாம் பாகம்.

"முதல் ரெண்டு பாகம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சு சார். மழையில நனைஞ்சு அட்டையா ஒட்டிக்கிச்சு, தூக்கிக் கடாசிட்டேன். இதான் நல்லா கீது. எடுத்துகினு போ" என்றார் கடைக்காரர்.

எடுத்துக்கொண்டு வந்தேன். மூடி கிடைக்கவில்லை.

அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது. பீச் ஸ்டேஷன் பக்கம் துறைமுகச் சரக்கை விடுவிக்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் வேலை. பிறந்தது முதல் கிறிஸ்தவன், சேலையூரில் உள்ள எங்கள் சபையில் காணிக்கைப் பை பிடிக்கிறவன், பெஞ்சு அடுக்குகிறவன். வேதபாட வகுப்புகளில் ஒரு டாக்டரும் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் ஆயரோடு சரிக்குச் சரி பேசுவார்கள். கிருபை என்பார்கள், நீதிமானாக்கப்படுதல் என்பார்கள். நான் பின்வரிசையில் தலையாட்டிக்கொண்டிருப்பேன். கடவுளைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் படிக்க ஆரம்பித்தேன் என்று பிறகு பல இடங்களில் சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. அந்த இரண்டு பேரும் பேசும்போது திரும்பி என் முகத்தையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

தாம்பரத்தில் புறப்படும் ரயிலில் எனக்கு எப்போதும் உட்கார இடம் கிடைக்கும். பீச் வரை ஒரு மணி நேரம். முதல் ஒரு மாதம் ஒரு பக்கம்கூட விளங்கவில்லை. ஒரு வாக்கியம் தொடங்கினால் அரைப்பக்கம் ஓடியது. அகராதி வாங்கினேன். நோட்டு ஒன்று போட்டேன். கிண்டி வருவதற்குள் ஒரு பத்தி, எழும்பூர் தாண்டுவதற்குள் இன்னொன்று என்று வைத்துக்கொண்டேன். புத்தகத்தின் ஓரங்களில் அந்த இறந்துபோன ஆயர் பென்சிலால் என்னென்னவோ குறித்திருந்தார். நிறைய இடங்களில் கேள்விக்குறி. சில இடங்களில் ஒரு பெயரின் முதல் எழுத்தும் ஒரு தேதியும். எனக்குப் படிக்க இடைஞ்சலாக இருந்தது. ரப்பர் வாங்கி, ஒவ்வொரு பக்கமாக அழித்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாம் பாகம் முழுவதும் கடைசிக் காரியங்களைப் பற்றியது. மரணம், நியாயத்தீர்ப்பு, ஆக்கினை, நரகம், பரலோகம். கடவுள் யார், ஏன் உலகத்தைப் படைத்தார், எதற்காக மனிதனைத் தேடி வந்தார் என்பதெல்லாம் முதல் இரண்டு பாகங்களில் இருந்திருக்கும். அவை சந்தை மழையில் போய்விட்டன. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. தீர்ப்பைத் தெரிந்துகொண்டால் போதாதா, வழக்கை எதற்குப் படிக்க வேண்டும் என்பது மாதிரி இருந்தேன்.

எட்டு ஒன்பது மாதத்தில் எனக்கு வாய் வந்துவிட்டது. வேதபாடத்தில் ஒரு நாள் பேராசிரியர் சொன்னதை மறுத்துப் பேசினேன். பக்க எண்ணோடு பேசினேன். டாக்டர் திரும்பிப் பார்த்தார். அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதற்குப் பிறகு நான் செய்தவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் ஓய்வுநாள் பள்ளியில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மனைவி பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவந்தார். பதினொரு வருடமாக நடத்திவந்தவர். பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்தி, "திரித்துவம்னா என்ன? பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூணு பேரும் எப்படி ஒரே கடவுள்?" என்று கேட்டார். ஒரு குட்டிப்பெண், "எங்கப்பா வீட்ல அப்பா, ஸ்டாண்ட்ல டிரைவர், தாத்தாவுக்கு மகன். ஆனா ஒரே ஆள். அது மாதிரி" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"இது தப்பு. ஆதிச் சபை தள்ளின கள்ளப் போதனை இது. ஒரே ஆள் மூணு வேஷம் போடுறார்னு சொல்ற மாதிரி ஆகும். பிள்ளைங்களுக்கு இப்பவே விஷத்த ஊட்டக் கூடாது."

இந்த விஷம் என்ற சொல்லை நான் முந்தின நாளே நோட்டில் எழுதிவைத்திருந்தேன். அந்தம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. "எனக்கு இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்க சார்" என்றார். "யார் சொல்லிக் குடுத்தாலும் தப்பு தப்புதான்" என்றேன். நான் சொன்னது சரிதான், இன்றைக்குக் கேட்டாலும் சரிதான். அடுத்த ஞாயிறு அவர் வகுப்புக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. அந்த வகுப்பை எடுக்க ஆள் கிடைக்காமல் கடைசியில் பெரிய வகுப்போடு சேர்த்துவிட்டார்கள்.

இனி என் சகலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மனைவியின் அக்காவுடைய கணவர். மாடம்பாக்கம் பக்கத்து ஊர்க்காரர், பரம்பரையாக நிலம் வைத்திருந்த குடும்பம். நிலங்கள் மனைகளாக விலைபோனபோது அண்ணன் தம்பிகள் கடையும் வீடுமாக ஆனார்கள். இவர் கிறிஸ்தவப் பெண்ணைக் கட்டிக்கொண்டார் என்று அப்பா கோபத்தில் இவரை ஒதுக்கிவைத்தார். தண்ணீர் லாரி ஓட்டினார். அந்தப் பக்கம் எங்கள் சபையும் அக்காவை ஒரு வருடம் திருவிருந்துக்கு வெளியே நிறுத்திவைத்தது. இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டு இருவரும் வாழ்ந்தார்கள், நன்றாகவே வாழ்ந்தார்கள். அவர் மதம் மாறவில்லை, அக்காவும் மாறவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் டிவிஎஸ் வண்டியில் அக்காவை எங்கள் சபைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, எதிரில் டீக்கடையில் ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருடம். கிறிஸ்துமஸ் அன்று மட்டும் உள்ளே வருவார், செருப்பைக் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிவிட்டு.

ஒருமுறை அந்தப் புத்தகத்தை என் கையில் பார்த்துவிட்டார்.

"இன்னா சகல, செங்கல்லு மாதிரி கீது. இன்னா போட்டுகீது அதுல?"

"கடைசி நியாயத்தீர்ப்பு பத்தி."

"லிஸ்ட்டா? நம்ம பேரு கீதா, பாத்து சொல்லு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவர் இறந்தது ஒரு மே மாதம். செம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தார். குழாயை நிலத்தடிச் சம்ப் தொட்டியில் விட்டுவிட்டு, வெயிலுக்காக லாரிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கிறார். சம்ப் நிரம்பி வழிந்து கார் நிறுத்துமிடம் முழுவதும் தண்ணீர். குடியிருப்பவர்கள் இறங்கிவந்து சத்தம் போட்டிருக்கிறார்கள். தூங்குகிறான் பார் என்று வாட்ச்மேன் கதவைத் திறந்து தோளைப் பிடித்து உலுக்கியபோது அவர் ஸ்டீயரிங் மேல் சாய்ந்தார். மாரடைப்பு. ஐம்பத்தோரு வயது.

ஒதுக்கிவைத்த அண்ணன் தம்பிகள் வந்து, தூக்கி, ஊர்ச் சுடுகாட்டில் முறைப்படி எல்லாம் செய்தார்கள். எங்கள் ஆயர் வீட்டுக்கு வந்து அக்காவுக்காக மட்டும் ஜெபித்தார். இறந்தவர் பெயரை அவர் ஜெபத்தில் சொல்லவேயில்லை. நான் அதைக் கவனித்தேன், சரியாகச் செய்கிறார் என்றும் நினைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஞாயிறு மதியம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பல்லாவரத்தில் ஒரு தோல் தொழிற்கூடத்தில் கையுறை தைக்கிற வேலை அவருக்கு, ஞாயிறு மட்டும்தான் லீவு. மனைவி சமையலறையில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் புத்தகமும் நோட்டுமாக இருந்தேன். அக்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் புத்தகத்தையே பார்த்தார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நீங்கதான் இதெல்லாம் படிக்கிறீங்க. ஆயர்கிட்ட கேட்டா ஜெபம் பண்ணுமான்னு சொல்லிட்டுப் போயிடுறாரு."

"கேளுங்க அக்கா."

"அவரு இப்ப எங்க இருப்பாரு?"

அந்த ஒரு நிமிடத்தை நான் பலமுறை திரும்பப் பார்த்திருக்கிறேன். எனக்குத் தடுமாற்றமே வரவில்லை. மனசு இறுகவில்லை, இளகவும் இல்லை. பரீட்சையில் படித்த கேள்வியே வந்துவிட்ட பையன் மாதிரி இருந்தது எனக்கு. நோட்டைப் புரட்டி அந்தப் பக்கத்தை எடுத்தேன்.

ஞானஸ்நானம் பெறாதவர்கள், சுவிசேஷம் கேட்டிராதவர்கள், கேட்டும் ஏற்காதவர்கள் என்று பிரித்துச் சொன்னேன். அவர் கேட்டிராதவர் இல்லை. இருபத்திரண்டு வருடம் கோயில் வாசல்வரை வந்திருக்கிறார். ஒலிபெருக்கியில் பிரசங்கம் டீக்கடைவரை கேட்கும். ஆகவே அறியாமல் இருந்தவர்களுக்குச் சொல்லப்படுகிற எந்தச் சலுகையும் அவருக்குப் பொருந்தாது என்றேன். பக்க எண் சொன்னேன். நல்லவராக இருந்தாரே என்ற பேச்சுக்கு இடமில்லை, செயலால் யாரும் தப்புவதில்லை என்று அதையும் சொன்னேன். அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வகுப்பில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் அவர வாசல்வரைக்கும் வரவச்சதுதான் தப்பாப் போச்சா?" என்றார்.

"அப்படிச் சொல்ல வரல அக்கா. பொதுவாச் சொல்றேன்."

"கோயிலுக்கே வராம இருந்திருந்தா பரவாயில்லயா?"

நோட்டில் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அதற்கு அந்தப் புத்தகத்தின்படி ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் நோட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "பைபிள்ல அந்தப் பணக்காரன் கதை இருக்குல்ல தம்பி, செத்தப்புறம் நரகத்துல இருந்துகிட்டு, விரல் நுனியத் தண்ணியில நனைச்சு என் நாக்குல வையின்னு கேப்பானே" என்றார்.

"ஆமா."

"அங்க தண்ணி குடுக்க மாட்டாங்க இல்ல?"

சமையலறையில் குழாய்ச் சத்தம் நின்றது. மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஊருக்கெல்லாம் லாரியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினவரைப் பற்றி அவருடைய மனைவி கேட்கிறாள் என்பதும் தெரிந்தது. இதையெல்லாம் தெரிந்துகொண்டே, "வேதத்துல அப்படித்தான் இருக்கு அக்கா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "சரி" என்றார். எழுந்துபோய், வந்ததும் தண்ணீர் குடித்த டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். தங்கை கூப்பிட்டதற்கு, வேலை கிடக்கிறது என்றார்.

என் மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. சத்தம் போட்டுப் பேசுகிற பழக்கம் இல்லாதவள். அன்று ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"அந்தப் பதில உங்களால ஒரு வருஷம் தள்ளிச் சொல்ல முடியாதா? ஒரு மாசம்?"

"உண்மையத்தான் சொன்னேன். பொய் சொல்லித் தேத்தச் சொல்றியா?"

"எங்கக்காவுக்கு இருந்தது அந்த ஒரு ஆளு. அவர நீங்க உங்க நோட்டப் பாத்துப் படிச்சுக் காமிச்சு நரகத்துக்கு அனுப்பிட்டீங்க. படிக்கும்போது உங்க குரல் எப்படி இருந்துச்சு தெரியுமா? சந்தோஷமா இருந்துச்சு."

நான் சத்தியத்தைப் பற்றி ஏதோ பேசினேன். அவள் மீனை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள். அன்று நானே ரசம் வைத்துச் சாப்பிட்டேன். எனக்குக் குற்ற உணர்வு இருந்ததா என்றால், இல்லை. சத்தியத்துக்காக வீட்டில் பகை சம்பாதித்தவன் என்ற பெருமை இருந்தது. அதற்கும் வேதத்தில் வசனம் வைத்திருந்தேன்.

அக்கா கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். மூன்று ஞாயிறு ஆன பிறகு ஆயர் என்னிடம் விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் பயம் இருந்தது, திட்டுவார் என்று. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"கரெக்டாத்தான் சொல்லியிருக்கீங்க" என்றார். "நாங்க சொன்னா கமிட்டில பிரச்சனை பண்ணுவாங்க. நீங்க லேமேன், அங்கி போடாத ஆளு, நீங்க சொல்லலாம். சபையில உங்கள மாதிரி படிக்கிற ஆளுங்க இல்ல. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு ஸ்டடி குரூப் ஆரம்பிக்கலாம்னு பாக்கறேன். நீங்களே எடுங்க."

அப்படித்தான் எனக்கு வகுப்பு கிடைத்தது. பன்னிரண்டு பேர் நோட்டோடு வந்தார்கள். டாக்டரும் வந்தார். என்னை 'சார்' என்று கூப்பிட்டார்கள்.

வகுப்பு எடுக்க ஆரம்பித்த பிறகுதான் மற்ற பாகங்கள் தேவைப்பட்டன. ஒருவர் கிருபை என்றால் என்ன என்று கேட்டார், எனக்கு நரகத்திலிருந்து பின்னோக்கித்தான் விளக்க வந்தது. நகரத்தில் ஒரு இறையியல் கல்லூரி நூலகத்தில் அனுமதி வாங்கி, சனிக்கிழமைகளில் போய் முதல் பாகத்தை உட்கார்ந்து படித்தேன். அதே ஆசிரியர், அதே அச்சு. ஆனால் வேறு ஆள் எழுதியது மாதிரி இருந்தது. முன்னுரையிலேயே அவர் எழுதியிருந்தார்: பின்னால் வரும் தீர்ப்பைப் பற்றிய அதிகாரங்களைப் படிக்கிறவன் அவற்றைத் தன்னை நோக்கி மட்டுமே வாசிக்க வேண்டும், இறந்துபோன எந்த ஒரு மனிதனையும் சுட்டி இவன் இங்கே இருக்கிறான் என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் தரப்படவில்லை, அப்படிச் சொல்கிறவன் கடவுளின் நாற்காலியில் உட்காருகிறான் என்ற பொருளில். ஒரு பக்கத்துக்கு அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார், படிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்தவர் மாதிரி.

நான் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் பேசி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி மட்டும் போய்ப் பார்த்துவருவாள்.

ஒரு நாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, மதிய இடைவேளை நேரத்தில் பல்லாவரத்தில் அவர் வேலைசெய்யும் இடத்து வாசலுக்குப் போனேன். தோல் வாடையும் பசை வாடையும் தெருவரை அடித்தது. பெண்கள் மதில் நிழலில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா என்னைப் பார்த்ததும் டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து வந்தார். மெலிந்திருந்தார். விரல் நுனிகளில் பசை காய்ந்து தோல் உரிந்திருந்தது.

"வாங்க தம்பி. வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்களா?"

"நல்லாருக்காங்க அக்கா. அன்னைக்கு நான் சொன்னேன்ல. அது தப்பு."

"எது?"

"அண்ணனப் பத்திச் சொன்னது."

அவர் என்னையே பார்த்தார். நான் மடித்துவைத்திருந்த காகிதத்தை எடுத்தேன். "இன்னொரு பாகம் படிச்சேன். அதுல, செத்துப்போன யாரையும் பத்தி நம்ம அப்படிச் சொல்லக் கூடாதுன்னு இருக்கு."

"அப்ப அவரு அங்க இல்லன்னு போட்டிருக்கா?"

அவர் கேட்ட வேகத்தில் காகிதத்தை மறுபடி பிரித்துப் பார்த்தேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்திலும் எனக்குச் சரியாகச் சொல்ல வேண்டும் என்றிருந்தது.

"அப்படி இல்ல அக்கா. இருக்காருன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. நமக்குத் தெரியாதுன்னு."

"தெரியாதா?"

"தெரியாது."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தம்பி. தெரியாதுன்னு சொல்ல எதுக்கு இன்னொரு புக்கு?"

நான் காகிதத்தை நீட்டிக்கொண்டே நின்றேன். அவர் அதை வாங்கவில்லை.

"ரெண்டு வருஷமா கண்ண மூடினா அவரு அங்கதான் இருக்காரு" என்றார். அழவில்லை, காய்கறி விலை சொல்வது மாதிரிதான் சொன்னார். "மிஷின்ல உக்காந்தா அதுதான். சோறு எடுத்து வாயில வச்சா அதுதான். தண்ணி குடிக்கவே புடிக்கல. இப்ப நீங்க வந்து தெரியாதுங்கறீங்க. நான் எப்படி அவர அங்கிருந்து வெளிய எடுக்கிறது? நாளைக்கு இன்னும் ஒரு பாகம் படிச்சுட்டு வந்து வேற சொல்லுவீங்க."

"மன்னிச்சிருங்க அக்கா."

"மன்னிக்கிறதுக்கு என்ன இருக்கு. நீங்க படிச்சீங்க, சொன்னீங்க. கேட்டது நான்தான்."

உள்ளே மணி அடித்தது. மற்ற பெண்கள் எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். "லேட்டானா சூப்பர்வைசர் கத்துவாரு" என்று சொல்லிவிட்டு அவரும் போனார். திறந்து பாதியிலேயே மூடிய சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனார். நான் வராமல் இருந்திருந்தால் அதையாவது சாப்பிட்டிருப்பார்.

அதற்கடுத்த வருடம் அவருக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. கண்டுபிடித்தபோதே முற்றியிருந்தது. கல்யாணமாகிக் கூடுவாஞ்சேரியில் இருந்த ஒரே மகள் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள். புது லேஅவுட்டில் தனியாக நிற்கிற ஒரு சின்ன வீடு அது. என் மனைவி பள்ளி முடிந்து தினமும் ரயிலேறிப் போய்வந்தாள். நானும் வருகிறேன் என்று முதல் வாரம் கேட்டேன்.

"வேணாம்" என்றாள்.

"அக்கா சொன்னாங்களா?"

"அக்கா ஒண்ணும் சொல்லல. நீங்க வந்தா ஜெபம் பண்ணுவீங்க. அவ கண்ண மூடணும். அவளால கண்ண மூட முடியாது."

நான்கு மாதம் இருந்தார். வீட்டுக்கு வரவா என்று ஆயர் தொலைபேசியில் கேட்டபோது, மகள் மரியாதையாக மறுத்துவிட்டாள். ஒரு புதன்கிழமை காலை ஆறு மணிக்கு, இரவு அங்கேயே தங்கிவிட்ட மனைவி, அக்கா போய்விட்டதைப் போனில் சொன்னாள். வரலாமா என்று கேட்டேன். "இப்ப வாங்க" என்றாள்.

கல்லறைத் தோட்டத்தில் அக்காவுடைய பெற்றோர் பக்கத்தில் இடம் இருந்தது. அதற்காகச் சபை அலுவலகத்துக்கு நான் போனில் பேச ஆரம்பித்தபோதுதான் மகள் சொன்னாள்.

"அம்மா சொல்லிட்டாங்க சித்தப்பா. அப்பாவ எரிச்ச எடத்துலயே எரிக்கணும்னு. பெரியப்பாகிட்டயும் அம்மாவே பேசிட்டாங்க."

"சபையில என்ன சொல்லுவாங்கன்னு..."

"ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டாங்க. அப்பாவுக்கு எது கெடைக்குதோ அதுவே எனக்கும் போதும்னு சொன்னாங்க." அவளுக்கு அதன் பொருள் முழுவதும் தெரியுமா என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவிக்குத் தெரியும். அவள் என்னைப் பார்க்காமல் அக்காவின் தலையை வாரிக்கொண்டிருந்தாள்.

ஜிஎஸ்டி ரோட்டில் பெருங்களத்தூர் தாண்டவே ஒரு மணி நேரம் ஆனது. ஊர்ச் சுடுகாட்டில் சகலையின் அண்ணன் எல்லா ஏற்பாடும் செய்துவைத்திருந்தார். முன்பு தம்பியை ஒதுக்கின குடும்பத்தின் மூத்தவர். வெள்ளைச் சட்டை, கையில் செல்போன், ஆட்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்தார். எல்லாம் தயாரானதும் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"சார், நீங்க கோயில்ல வகுப்பெல்லாம் எடுக்கிறவருன்னு கேள்விப்பட்டேன். உங்க முறைப்படி ரெண்டு வார்த்தை சொல்லணும்னா சொல்லுங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்ல."

என் சட்டைப்பையில் சின்ன ஜெபப்புத்தகம் இருந்தது. கை அதன் மேல் போயிற்று. நான் வாய் திறப்பதற்குள், பெண்களில் தான் மட்டும் உள்ளே வந்திருந்த மகள் சொன்னாள்.

"வேணாம் பெரியப்பா. சித்தப்பா ஜெபம் பண்ண வேணாம்னு அம்மா தனியாச் சொல்லியிருக்காங்க."

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டு, "சரிம்மா, சரிம்மா" என்று நகர்ந்தார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். வெட்டியான் வேலையைத் தொடங்கினார். சகலையின் தம்பி மகன் கொள்ளி வைத்தான். நான் கடைசிவரை நின்றேன். என் மனைவி பெண்களோடு கேட்டுக்கு வெளியே காரில் இருந்தாள். திரும்பும்போதும் அவள் பெண்களோடு பின்சீட்டிலேயே உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு வீட்டுக் காரியங்களைத் தவிர என்னிடம் அதிகம் பேசுவதில்லை. நாங்கள் சண்டை போடுவதும் இல்லை.

அக்காவுக்கு ஆராதனையில் அஞ்சலி சொல்லவில்லை. உறுப்பினர் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று ஆயர் என்னையே கேட்டார். இறந்தார் என்று மட்டும் எழுதச் சொன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வகுப்பைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டர் கேட்டு அனுப்பியிருந்தார். வேண்டாம் என்றேன். சாயங்காலம் ஆறரைக்குப் போனேன். பதினேழு பேர் வந்திருந்தார்கள், இரண்டு பேர் புதியவர்கள். அந்த வாரத்துக்குரிய பாடம் மரித்தோரின் உயிர்த்தெழுதல். ஒரு மணி நேரம் எடுத்தேன். முடிந்ததும் சமோசாவும் டீயும் வந்தன. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்று புதிதாக வந்தவர்களில் ஒருவர் சொன்னார். தானும் படிக்க ஆரம்பிக்க வேண்டும், எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்று கேட்டார். நான் ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தேன்.